வாயைக் கட்டினால் சுகர் வராதா?

கேள்வி: 2024 ஜனவரி 8

எனக்கு வயது 36. சுகர், பிரஷர் எதுவும் கிடையாது. ஐந்து வருடமாகச் சீனியைத் தொடுவதில்லை. தினமும் எட்டு கிலோமீட்டர் ஓடுகிறேன். உடம்பு நம் கையில்தான் இருக்கிறது என்பதற்கு நானே சாட்சி. சுகர் வந்துவிட்டது என்று புலம்புகிற ஆட்களில் முக்கால்வாசிப் பேர் வாயைக் கட்டத் தெரியாதவர்கள். இல்லை என்று சொல்ல யாராவது இருக்கிறீர்களா?

ஜனவரி 9, இரவு 2.10

இருக்கிறேன்.

வயது 51. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் மெயின்டனன்ஸ் வேலை. இந்த வாரம் முழு நைட். மெஷின் ஏதாவது நின்றால் கூப்பிடுவார்கள், அதுவரை கையில் போன்தான். சுகர் வந்து ஐந்து வருடம் ஆகிறது. வந்தபோது என் எடை 61 கிலோ. தொப்பை கிடையாது. பக்கத்து ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர் என்றாலும் பால்கோவாவை நான் தின்றதைவிட வெளியூர்க்காரர்களுக்கு வாங்கிக் கொடுத்ததுதான் அதிகம். எங்கள் மச்சான் ஒருவர் இருக்கிறார், அக்கா வீட்டுக்காரர். 58 வயது, இன்றைக்கும் நாளுக்கு ஒரு பாக்கெட் சிகரெட், ராத்திரி நாலு பரோட்டா சால்னாவோடு. போன மாதம் வெறும் வயிற்றில் பார்த்ததில் சுகர் 92.

உங்களுக்கு 36தான் ஆகிறது தம்பி. சாட்சி சொல்ல இன்னும் வயது இருக்கிறது.

ஜனவரி 9, காலை 9.40

தூக்கக் கலக்கத்தில் காட்டமாக எழுதிவிட்டேன். காரணம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

2019இல் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஒரு டாக்டரிடம் போனேன். அவர் தாளைப் பார்த்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. "என்னய்யா, ஸ்வீட்டா அமுக்குனியா?" என்றார். கதவு திறந்துதான் இருந்தது, வெளியே பெஞ்சில் ஏழெட்டுப் பேர். என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டில் சமைப்பவள் அவள், அவளைச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது. வழியெல்லாம் இரண்டு பேரும் பேசவில்லை. உங்கள் கேள்வியைப் படித்ததும் அந்த பெஞ்சுதான் ஞாபகம் வந்தது.

ஜனவரி 11

"ஒல்லியாக இருந்தால் எப்படி சுகர் வரும்?" என்று கேட்ட கோவில்பட்டி அண்ணனுக்கு.

மருத்துவப் பத்திரிகை ஒன்றில் 2004இல் இரண்டு டாக்டர்களின் போட்டோவைச் சேர்த்துப் போட்டார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், இன்னொருவர் லண்டனைச் சேர்ந்த யுட்கின். உயரத்துக்கு ஏற்ற எடையைக் கணக்குப் போட்டால் இரண்டு பேருக்கும் ஒரே எண், 22.3. உள்ளே இருக்கும் கொழுப்பை அளந்தால் லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், புனேக்காரருக்கு 21.2. சட்டையைப் போட்டால் இருவரும் ஒல்லி. நம் ஊர்க் குழந்தைகள் பிறக்கும்போதே எடை குறைவாக, ஆனால் தசை குறைந்து கொழுப்பு குறையாமல் பிறக்கிறார்கள் என்பது அந்தப் புனே டாக்டர் பல வருடம் பார்த்துச் சொன்ன விஷயம்.

அதாவது என் அம்மா என்னைச் சுமந்தபோது என்ன சாப்பிட்டாள், அவள் அம்மா என்ன சாப்பிட்டாள் என்பதிலிருந்து கணக்கு ஆரம்பிக்கிறது. அப்போது என் வாயை நான் எப்படிக் கட்டுவது?

ஜனவரி 14, போகி

சரி, ஓட்டக்காரத் தம்பி "ஆராய்ச்சி இருந்தால் காட்டுங்கள்" என்கிறார். நம் சென்னையிலேயே நடந்தது இருக்கிறது. டாக்டர் ராமச்சந்திரன் குழு 2006இல் வெளியிட்டது. சுகரின் வாசலில் நிற்கிற 531 பேரை எடுத்தார்கள். சிலரை அப்படியே விட்டார்கள், சிலருக்கு நடை, சாப்பாடு என்று சொல்லிக்கொடுத்து விடாமல் பின்தொடர்ந்தார்கள், சிலருக்கு சுகருக்குக் கொடுக்கிற மெட்பார்மின் மாத்திரை, சிலருக்கு இரண்டும். மூன்று வருடத்தில் நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் 28.5 சதவீதம் காப்பாற்றியது. ஆக, நூறு பேரில் 28 பேர் தப்பித்தார்கள், 72 பேருக்கு எவ்வளவு கட்டினாலும் வந்துவிட்டது. போதுமா?

ஜனவரி 15

போதாது. கணக்கில் தப்பு. மருத்துவக் கல்லூரியில் படிக்கிற தங்கச்சி ஒருத்தி பொங்கல் அன்றைக்கே சுட்டிக்காட்டிவிட்டது. 28.5 என்பது நூறு பேரில் 28 பேர் அல்ல. சரியான கணக்கு இது: சும்மா விட்ட நூறு பேரில் 55 பேருக்கு சுகர் வந்தது. நடந்து, சாப்பாட்டைக் குறைத்த நூறு பேரில் 39 பேருக்கு வந்தது. 55இலிருந்து 39க்கு (துல்லியமாக 39.3) இறங்கியது, அந்த இறக்கம்தான் 55இல் 28.5 சதவீதம்.

இப்படிப் பார்த்தால் என் தரப்புக்கும் சாதகம், தம்பி தரப்புக்கும் சாதகம். நூறு பேரில் 45 பேர் ஒன்றும் செய்யாமலே அந்த மூன்று வருடம் தப்பித்தார்கள் (எங்கள் மச்சான் இந்தக் கூட்டம்). 39 பேர் சொன்னதையெல்லாம் கேட்டும் மாட்டினார்கள். நடுவில் 16 பேர். "நம் கையில்" என்பது அந்த 16.

ஆனால் அந்தப் பதினாறில் நீங்கள் ஒருவரா என்று யாராலும் சொல்ல முடியாது. தப்பித்தவர் ஒவ்வொருவரும் "நான் கட்டினேன், அதனால்தான்" என்றுதான் நினைத்துக்கொள்வார். பாவம், சும்மா இருந்து தப்பித்த ஆட்கள் எதையுமே நினைத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஜனவரி 16

சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டேன். இரண்டு கரண்டி. கேட்டதற்காகச் சொல்கிறேன்.

ஜனவரி 22

அமெரிக்காவில் இதே மாதிரி ஆராய்ச்சியில் 58 சதவீதம் குறைந்ததே, அதை ஏன் மறைத்தீர்கள் என்று ஒரு கேள்வி. மறைக்கவில்லை, எனக்குத் தெரியாது. போய்ப் படித்தேன். 2002இல் வந்தது, மூவாயிரத்துச் சொச்சம் பேர். உடல் எடையில் ஏழு சதவீதத்தைக் குறைக்க வேண்டும், வாரம் 150 நிமிடம் நடக்க வேண்டும் என்பது இலக்கு. கூடவே ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு ஆள், உட்கார்ந்து பேச, திட்ட, தட்டிக்கொடுக்க. எனக்கும் அப்படி ஒரு ஆள் கிடைத்தால் நானும் குறைப்பேன். ஒன்று மட்டும் உண்மை, அவர்களுக்கு இறக்குவதற்கு எடை இருந்தது. நான் 61 கிலோவில் எதை இறக்குவது?

இதை எழுதும்போது ஜிம் ஃபிக்ஸ் ஞாபகம் வருகிறார். ஓடுவதைப் பற்றி எழுதி அமெரிக்காவையே ஓட வைத்தவர். 1984இல், 52 வயதில், ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்து இறந்தார். இதயக் குழாய்களில் அடைப்பு. "பார், ஓடினவனே போய்விட்டான்" என்று சொல்லச் சோம்பேறிகளுக்கெல்லாம் ஒரு ஆதாரம் கிடைத்தது. நானும் இருபது வருடமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 23

ஃபிக்ஸ் பற்றி ஒரு மறுயோசனை. அவருடைய அப்பா மாரடைப்பில் இறந்தது 43 வயதில். இவரும் முப்பத்தைந்து வயதுவரை சிகரெட்டும் கூடுதல் எடையுமாக இருந்தவர்தான். அப்பாவைவிட ஒன்பது வருடம் கூடுதலாக இருந்தார் என்று சொன்னாலும் கதை பொருந்துகிறது. ஒரே சாவு, இரண்டு பக்கமும் பேசுகிறது. ஒற்றை ஆள் கதையை வைத்துப் பேசுவதை இனிமேல் குறைத்துக்கொள்கிறேன் (மச்சான் கதையைத் தவிர).

பிப்ரவரி 3, இரவு 3.15

மில்லில் ஒரு பரிசோதனை செய்தேன். வீட்டில் சுகர் பார்க்கிற மிஷின் இருக்கிறது. பகல் ஷிப்ட் வாரத்தில் காலை எட்டு மணிக்கு மூன்று இட்லி, தேங்காய்ச் சட்னி. இரண்டு மணி நேரம் கழித்து விரலைக் குத்திப் பார்த்தால் 148. முழு நைட் வாரத்தில் இரவு ஒரு மணிக்கு அதே மூன்று இட்லி, அதே சட்னி, டிபன் பாக்ஸில். கான்டீன் டியூப்லைட் வெளிச்சத்தில், பஞ்சு ஒட்டியிருந்த விரலைச் சட்டையில் துடைத்துவிட்டுக் குத்தினேன். 203.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் "என்னண்ணே, லாட்டரியா?" என்றான்.

ராத்திரியில் உடம்பு சர்க்கரையைக் கையாளுவது மந்தம், அது தூங்குகிற நேரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது என்பது ஏற்கெனவே கண்டுபிடித்த விஷயம்தான். ஆனால் தன் விரலில் பார்ப்பது வேறு. ஷிப்ட் போடுவது நான் இல்லையே. முழு நைட் வேண்டாம் என்று சொன்னால் வீட்டில் இருந்துகொள் என்பார்கள். வாயைக் கட்டுவது என் கையில், சரி. ராத்திரி யார் கையில்?

பிப்ரவரி 4

தங்கச்சி மறுபடியும் வந்துவிட்டது. அந்த மிஷின் பதினைந்து சதவீதம் மேலேயும் கீழேயும் காட்டலாம், அதற்கு அனுமதி உண்டாம். என் 203 என்பது 173 ஆகவும் இருக்கலாம். 148 என்பது 170 ஆகவும் இருக்கலாம். மூன்று புள்ளி வித்தியாசத்தில் என் ஆராய்ச்சி பிழைத்துக்கிடக்கிறது. இன்னும் நாலைந்து தடவை குத்திப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். தூக்கம் கெட்டதும், குறுக்கே குடித்த டீயும்கூடச் சேர்ந்திருக்கும். ஒப்புக்கொள்கிறேன்.

பிப்ரவரி 4, மாலை

பாகற்காய் ஜூஸ், வெந்தயம், ஆவாரம்பூ, கொய்யா இலை அனுப்பிய எல்லோருக்கும் நன்றி. வெந்தயம் சாப்பிடுகிறேன். கம்பங்கூழ் "எவ்வளவு வேண்டுமானாலும்" குடிக்கலாம் என்றவருக்கு மட்டும்: கம்பும் மாவுச்சத்துதான். குடித்துவிட்டு விரலைக் குத்திப் பாருங்கள்.

பிப்ரவரி 18

என் வேலையை வைத்து ஒன்று சொல்கிறேன்.

மில்லில் ஹியூமிடிட்டி பிளான்ட் என்று ஒன்று உண்டு. நூல் நூற்கிற ரிங் பிரேம் மெஷின் பக்கம் காற்றில் ஈரம் 55இலிருந்து 60 சதவீதம் இருந்தால்தான் இழை அறாமல் ஓடும். பேனலில் 57 என்று வைத்துவிட்டு வரலாம், அதைத்தான் கன்ட்ரோல் என்கிறோம். ஐப்பசி மழையில் பிளான்ட் தூங்கினாலும் 57 நிற்கும். சித்திரை வெயிலில் அத்தனை பம்பும் ஓடி, மேற்கூரை வரைக்கும் தண்ணீர் அடித்தாலும் 50ஐத் தாண்ட மாட்டேன் என்னும். மேனேஜர் வருவார், "பிளான்டைப் பாக்கிறதில்லையா?" என்பார். மழைக்காலத்தில் 57 நின்றதற்கு இதுவரை யாரும் என்னைப் பாராட்டியதில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

ஓட்டக்காரத் தம்பிக்கு இப்போது ஐப்பசி. எனக்குச் சித்திரை. இரண்டு பேர் பேனலிலும் அதே 57தான்.

பிப்ரவரி 19

நேற்று எழுதியது எனக்கே பிடித்துப்போய் இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை படித்தபோது ஒரு பழைய விஷயம் குத்தியது.

ஒரு சித்திரையில் ஈரம் 46க்கு இறங்கி, நூல் அறுந்து அறுந்து, ஓட்டுகிற பெண்கள் எல்லாம் அலைந்து போனார்கள். வெயில்தான் சார் என்று சொல்லிவிட்டேன். மேனேஜரும் நம்பிவிட்டார். ஒரு வாரம் கழித்து தண்ணீர் தெளிக்கிற நாசிலைக் கழற்றினால் பாதிக்கு மேல் உப்பு அடைத்துக் கிடந்தது. நான் மாதாமாதம் கழற்றிக் கழுவ வேண்டியது, மூன்று மாதமாகத் தொடவில்லை. வெயிலும் உண்மை, உப்பும் உண்மை. சொன்னது வெயிலை மட்டும்.

சுகரிலும் அதே வேலையைச் செய்திருக்கிறேன். அப்பாவுக்கு இருந்தது, அம்மா வழியிலும் இருந்தது, ஷிப்ட் வேறு, அப்புறம் என்ன செய்தால் என்ன என்று சொல்லிக்கொண்டு சாத்தூர்க் காராச்சேவு கால் கிலோவை ஒரே மூச்சில் முடித்த நாட்கள் உண்டு. பரம்பரை என்பது உண்மை. அதைக் காராச்சேவுக்குத் தொட்டுக்கொண்டதும் உண்மை.

பிப்ரவரி 25

"அந்தக் காலத்து ஆட்களுக்கு மன உறுதி இருந்தது" என்று ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். ஐயா, மன்னிக்கவும். நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சுகர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு 2023இல் சொன்னது. வாசலில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடிக்கு மேல். ஐம்பது வருடத்தில் இத்தனை கோடிப் பேருக்கும் மன உறுதி கழன்று விழுந்துவிட்டதா? மரபணுவும் அவ்வளவு வேகமாக மாறாது, அது என் தரப்புக்கும் இடிதான். எங்கள் தாத்தா மில்லுக்கு நாலு மைல் நடந்தார், உறுதியால் அல்ல, பஸ் கிடையாது. நெல்லுச்சோறு அவருக்கு விசேஷ நாளில், ஆசையை அடக்கியதால் அல்ல, விலை கட்டாததால். எனக்கு மொபெட் இருக்கிறது, ரேஷனில் அரிசி இருக்கிறது. இரண்டும் நல்ல விஷயங்கள், வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது.

மார்ச் 10

கொஞ்சம் விலகிப் போகிறேன். மனைவிக்கும் ரத்தம் எடுத்தோம், சுகரின் மூன்று மாதச் சராசரி (ஹெச்பிஏ1சி) 6.1 என்று வந்தது. 5.7க்கு மேல் என்றால் வாசலில் நிற்கிறாள் என்று அர்த்தம். வீடே இடிந்துபோனது. இப்போது பார்க்கிற லேடி டாக்டர் இன்னொரு தாளையும் எடுத்துப் பார்த்தார். ஹீமோகுளோபின் 8.7. இரும்புச்சத்து குறைந்தால் இந்தச் சராசரி உண்மையைவிட மேலே காட்டும், முதலில் ஹீமோகுளோபினை ஏற்றுவோம், அப்புறம் பார்ப்போம் என்றார். வெறும் வயிற்றில் பார்த்தது 88, அது சரியாகத்தான் இருக்கிறது.

என் சாப்பாட்டை அளந்து வைக்கிற ஆளுக்கு 8.7. எவ்வளவு நாளாக என்று தெரியவில்லை. படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று தீபாவளி சமயத்திலேயே சொன்னாள், நான் "வயசாகுதுல்ல" என்றேன்.

ஏப்ரல் 7

மச்சானைப் பற்றிக் கேட்கிறீர்கள். நன்றாகத்தான் இருக்கிறார். இருமல் உண்டு, காலையில் தெருவுக்கே கேட்கும்.

எல்லாம் அதிர்ஷ்டம்தான் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சிகரெட் விஷயத்தில் நான் முழுக்கத் தம்பி கட்சி. இங்கிலாந்தில் ரிச்சர்ட் டால் என்பவர் 1951இல் ஆரம்பித்து ஐம்பது வருடம் டாக்டர்களையே பின்தொடர்ந்து பார்த்தார். புகைத்தே வந்தவர்களுக்குச் சராசரியாகப் பத்து வருடம் குறைவு. அறுபதில் விட்டவருக்கு மூன்று வருடம் திரும்பக் கிடைத்தது, ஐம்பதில் ஆறு, நாற்பதில் ஒன்பது. நான் விட்டது 40 வயதில். ஒன்பது வருடம் கணக்கில் ஏறியிருக்கிறது, சுகர் அதில் எவ்வளவு பிடித்தம் செய்யும் என்று தெரியாது. இந்தக் கணக்கை மச்சானிடம் காட்டினேன். "அறுபதுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்குல்ல, அப்ப விடுறேன்" என்கிறார்.

மே 12

அம்மாவுக்கு பிரஷர், 77 வயது. முன்பெல்லாம் மாத்திரை தீர்ந்தால் பெரியாஸ்பத்திரி போய் வரிசையில் நிற்க வேண்டும். நான் நைட் முடித்துத் தூங்கிக்கொண்டிருப்பேன், எழுப்ப மனமில்லாமல் பத்து நாள், பதினைந்து நாள் விட்டுவிடுவாள். டாக்டர் "ஒழுங்கா சாப்பிடணும் பாட்டி" என்பார். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்தது. இப்போது ஒரு அக்கா மாதாமாதம் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். அம்மா ஒரு நாள் விடுவதில்லை. அவள் குணம் எதுவும் மாறவில்லை. மாத்திரை ஐந்து கிலோமீட்டர் நடந்து வந்தது, அவ்வளவுதான்.

மே 19

ஓட்டக்காரத் தம்பி இன்று எழுதியதைப் படித்தேன். அவர் அப்பாவுக்குச் சுகரில் கால் விரல் எடுத்ததும், அதை டிரஸ்ஸிங் செய்தது இவர்தான் என்பதும் எனக்குத் தெரியாது. எட்டு கிலோமீட்டர் ஓடுவதைப் பெருமை என்று நினைத்தேன். என் அப்பாவுக்கும் பெருவிரல். அந்த வாடையை எழுத முடியாது, உங்களுக்குத் தெரியும். ஓடுங்கள் தம்பி. ஜனவரியில் எழுதியதில் "சாட்சி சொல்ல இன்னும் வயது இருக்கிறது" என்பதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கணக்கை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன்.

நீங்கள் கேட்ட ஷூ விவரம்: சுகர்க்காரர்களுக்கு உள்ளே மெத்தென்று, விரல் பக்கம் அகலமாக இருக்க வேண்டும். சாயங்காலம் போய் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் கொஞ்சம் வீங்கி இருக்கும்.

ஜூன் 2

ரிப்போர்ட் வந்தது. ஜனவரியில் என் மூன்று மாதச் சராசரி 7.6. காராச்சேவை விட்டு, நைட்டில் இட்லிக்குப் பதில் சுண்டல் கொண்டு போய், பகலில் நாற்பது நிமிடம் நடந்து, இப்போது 7.1. மனைவிக்கு ஹீமோகுளோபின் 11.2 வரை ஏறிவிட்டது, சராசரி 5.6க்கு இறங்கிவிட்டது. அவள் இனிப்பை விடவே இல்லை. இரும்பு மாத்திரை மட்டும்தான். பாயிண்ட் ஐந்துக்கு நான் பட்ட பாடு அவளுக்கு மாத்திரையிலேயே முடிந்துவிட்டது. சிரித்தோம்.

நாளையிலிருந்து மறுபடியும் முழு நைட். சுண்டலுக்குக் கடலை ஊறப் போட்டாயிற்றா என்று கேட்டேன். "ஐந்து மாசமா உங்க கன்ட்ரோல உங்க கன்ட்ரோலன்னு எழுதுறீங்க, ஊறப் போட்டது யாரு?" என்றாள். எழுந்து போய் நானே போட்டேன். டப்பாவில் இருந்த முழுவதையும் போட்டுவிட்டேன் போலிருக்கிறது, இப்போது போய்ப் பார்த்தால் பாத்திரத்தை விட்டு வெளியே வந்துகொண்டிருக்கிறது. இன்னொரு குண்டான் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை, அவள் தூங்கிவிட்டாள்.